உங்களுக்குத் தெரியுமா? – வாசலுக்கு வரும் இரண்டாவது பூனை

யாழ்ப்பாணத்தில் இரண்டாவது பூனையைத் தேடிப்போய் வாங்குகிறவர்கள் குறைவு. மதிலுக்கு மேலால் ஏறி அதுவாக வரும். இல்லாவிட்டால் விடியப்புறம் படலையடியில் ஓர் அட்டைப்பெட்டியோ உரப்பையோ கிடக்கும். உள்ளே கண் திறந்தும் திறக்காமலும் குட்டிகள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை நிற்கிறது. "இதையும் வைச்சிருப்பமோ, ஆருக்கும் குடுப்பமோ?" என்று வீடே இரண்டாகப் பிரியும். அந்தக் கேள்வியில் நிற்பவர்களுக்கு உதவக்கூடியவற்றை இந்தக் கிழமை சேர்த்திருக்கிறோம். எங்கள் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதற்பூனைக்குக் கருத்தடை செய்யாத வீட்டுக்கு இரண்டாவது பூனை வேண்டாம். அது முடிந்திருந்தால் மிச்சத்தைப் பொறுமையோடு சமாளிக்கலாம்.

*

பூனைக் குடும்பத்தில் கூட்டமாக வாழ்வதற்குப் பேர்போனது சிங்கம் ஒன்றுதான். இலங்கைக் காடுகளில் சிறுத்தை, கொடுப்புலி, காட்டுப்பூனை, துரும்பன் பூனை என நான்கு இனங்கள் உண்டு. நான்கும் தனியாகத் திரிந்து தனியாக வேட்டையாடுபவை. எங்கள் வீட்டுப் பூனையின் மூதாதையான ஆபிரிக்கக் காட்டுப்பூனையும் அப்படித்தான். சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவருக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகளை 2004இல் அறிவித்தார்கள். வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள். அவ்வளவு காலம் எங்களோடு கூடி வாழ்ந்தும் தனியே வேட்டையாடும் பழக்கம் அதைவிட்டுப் போகவில்லை.

ஆனால், பாசையூரிலோ குருநகரிலோ மயிலிட்டியிலோ மீன் இறங்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். பத்துப் பூனை ஒரே இடத்தில் நிற்கும். சாப்பாடு ஒரே இடத்தில் தாராளமாகக் கிடைத்தால் பூனை கூட்டமாக வாழப் பழகும். அந்தக் கூட்டத்தின் நடுவில் பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என உறவுப் பெட்டைகள்தான் இருக்கும். ஒன்றின் குட்டிக்கு மற்றது பால் கொடுப்பதும் உண்டு. பூனைக்கு மற்றப் பூனை எல்லாமே பகை என்றில்லை. தனக்குத் தெரிந்ததை ஏற்கும். தெரியாதது தன் எல்லைக்குள் வந்தால் எதிர்க்கும்.

*

"தனிய நிக்குது, பாவம், துணைக்கு ஒண்டு வேணும்" என்பது நல்ல மனசில் வரும் பேச்சு. ஆனால் ஐந்தாறு வயதான பூனை, வளவு முழுவதும் திரிந்து, மத்தியானம் விறாந்தைக் கதிரையில் நீட்டி நிமிர்ந்து படுக்கிறதென்றால் அது தனிமையில் வாடவில்லை. வளர்ந்த பூனை நாளில் 12 முதல் 16 மணித்தியாலம் வரை நித்திரை கொள்ளும். அதன் துணைக்கென்று குட்டி எடுக்கத் தேவையில்லை. குட்டிக்கு ஒரு வீடு தேவை என்பதற்காக எடுக்கலாம். அதுவே போதுமான காரணம். மூட்டு நோவோடு இருக்கும் கிழட்டுப் பூனையின் வாலில் பாயும் குட்டியை விடுவது மட்டும் வேண்டாம்.

*

வீட்டில் இன்னும் பூனையே இல்லையா? அப்படியானால் ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்தே எடுங்கள். கடி எவ்வளவு நோகும் என்பதை ஒன்றுக்கொன்று கற்றுக்கொள்ளும். ஒன்றாக வளர்ந்த சோடிகள் பிறகும் ஒற்றுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒன்றை எடுத்து, ஒரு வருசம் கழித்து மற்றதை எடுப்பதைவிட இது எவ்வளவோ சுலபம்.

*

பெட்டைப்பூனை சினைப்பருவத்துக்கு வருவது வெளிச்சத்தைப் பொறுத்தது. லண்டனில் கோடையில் பகல் பதினாறரை மணித்தியாலம், மாரியில் எட்டுக்கும் குறைவு. அதனால் அங்கே மாரி மாதங்களில் பூனைகள் இனப்பெருக்கத்தை நிறுத்திவைக்கும். யாழ்ப்பாணத்திலோ வருசத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான் வித்தியாசம். எனவே எங்கள் ஊர்ப் பூனைக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று இல்லை.

இதோடு மிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டைக்குட்டி நாலு தொடக்கம் ஆறு மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் 63 முதல் 65 நாட்கள். ஈன்ற குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்படலாம். சேர்க்கைக்குப் பிறகுதான் முட்டை வெளிவரும் என்பதால் கருத்தரிப்பு பெரும்பாலும் தவறாது. ஒரே ஈற்றில் இரண்டு மூன்று கடுவன்களின் குட்டிகள் இருப்பதும் வழமைதான்.

கடுவன் ஒன்றும் பெட்டை ஒன்றும் ஒரே வீட்டில் இருந்தால் கணக்கு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை. கூடப் பிறந்ததா, தாயா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். "ஒருக்காலாவது குட்டி போடட்டும், பிறகு செய்வம்" என்பார்கள். அந்த ஒருக்காலால் பெட்டைக்கு எந்த நன்மையும் இல்லை. உரப்பையில் கட்டப்பட்டுப் படலையடியில் கிடந்த குட்டிகளும் அப்படி ஓர் 'ஒருக்கா'வில் பிறந்தவைதான்.

*

"கடுவன் எண்டால் தாங்கோ" என்று கேட்பவர்களுக்கு: கறுப்பும் செம்பட்டையும் கலந்து மூன்று நிறத்தில் நிற்கும் குட்டி அநேகமாக எப்போதும் பெட்டைதான். முழுச் செம்பட்டைக் குட்டிகளில் ஐந்தில் நாலு கடுவன். செம்பட்டை நிறத்துக்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதே காரணம். அந்த மாற்றம் துல்லியமாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்து 2025இல்தான் வெளியிட்டன. நூறு வருசத்துக்கு மேலாக விஞ்ஞானிகள் துரத்திய கேள்வி அது!

*

குட்டியைத் தாயிடமிருந்து எப்போது பிரிக்கலாம்? கண் திறந்து நடக்கத் தொடங்கினால் போதும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அது போதாது. பின்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை வைத்துச் செய்து 2017இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, எட்டுக் கிழமைக்கு முன் பிரிக்கப்பட்டவை வளர்ந்த பின் கூடுதலாகச் சீறிப் பாய்வதாகக் காட்டியது. அயல்வீட்டுக்காரர் "நாளைக்கே கொண்டுபோங்கோ" என்று அவசரப்படுத்தினால், சாப்பாட்டுக்கு வேண்டியதை நீங்கள் கொடுத்தாவது இன்னும் சில கிழமை தாயோடு விடச் சொல்லிக் கேளுங்கள். முதற்பூனையோடு சண்டை பிடிக்காத குட்டி வேண்டுமென்றால் அதற்கான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

*

போன வருசம் உங்கள் வீட்டில் ஒரு குட்டி சத்தியும் வயிற்றோட்டமுமாகி இரண்டு மூன்று நாளில் செத்ததா? அது பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸாக இருந்திருக்கலாம். அந்தக் கிருமி தரையிலும் சாக்கிலும் கடகத்திலும் ஒரு வருசம் வரை உயிரோடு இருக்கக்கூடியது. சவர்க்காரத்துக்குச் சாகாது, குளோரின் கரைசலுக்குச் சாகும். அந்த வீட்டுக்கு, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள். முதலில் ஊசி, அதற்குரிய நாட்கள் கழிந்த பின் வீடு.

*

விசர்நோயைக் காவுவதில் இலங்கையில் நாய்க்கு அடுத்ததாக நினைவில் வைத்திருக்க வேண்டியது பூனை. 1973இல் இந்த நாட்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். இன்று அந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது, குறைத்தது தடுப்பூசிதான். நாய்க்கு ஊசி போட மறக்காத வீடுகள் பூனையை மறந்துவிடுகின்றன. எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு இருக்கக்கூடாது. "சின்னக் குட்டிதானே" என்ற சொல் இந்த இடத்தில் உயிராபத்தானது.

*

அமெரிக்காவில் காப்பகம் ஒன்றிலிருந்து இன்னொரு பூனையை எடுத்துச் சென்றவர்களிடம் விசாரித்து 2005இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ அரைவாசிப் பேர், தொடக்கத்தில் இரண்டும் கடித்துப் பிறாண்டிச் சண்டை பிடித்ததாகச் சொன்னார்கள். எனவே முதல்நாள் சீறல் கேட்டவுடன் "இது சரிவராது" என்று குட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. சந்திக்க வைத்த முறைதான் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

எங்கள் வீடுகளில் வழமையாக நடப்பது இதுதான்: குட்டியைக் கொண்டுவந்து நடு விறாந்தையில் இறக்கிவிட்டு, முதற்பூனையைத் தூக்கிவந்து அதன் முகத்துக்கு நேரே பிடிப்பது. பூனைக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. பூனையின் உலகம் முதலில் மணத்தால் ஆனது. கன்னத்தை அது கதவு நிலையிலும் உங்கள் காலிலும் உரசுவது, அங்கேயுள்ள சுரப்பிகளின் மணத்தைப் பூசி "இது என்னுடைய இடம்" என்று பதிவதற்காக. அந்தப் பதிவுக்கு நடுவே முன்பின் தெரியாத மணம் திடீரென்று வந்து விழுந்தால் அது சீறாமல் என்ன செய்யும்?

குறைந்தது இரண்டு கிழமை ஒதுக்குங்கள். புதியதைச் சாமான் அறையிலோ பாவிக்காத அறையிலோ கதவைச் சாத்தி வையுங்கள். யன்னல் கம்பிக்குள்ளால் குட்டி நழுவிவிடும், ஆகவே வலை அடியுங்கள். பழைய சாறத் துண்டு ஒன்றால் அதன் கன்னத்தைத் துடைத்து, அந்தத் துண்டை முதற்பூனையின் சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்ட வையுங்கள், அதேபோல் மறுபக்கமும். அடுத்து, மூடிய கதவுக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் சாப்பாடு. பிறகு கதவுக்குப் பதிலாக வலை. பிறகுதான் முகம் பார்ப்பது. அதுவும் ஐந்து நிமிடம், சாப்பாட்டோடு. சண்டை வந்தால் ஒரு படி பின்னால் போங்கள். அந்த இரண்டு கிழமையில் தெள்ளு, புழு, தடிமன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். வந்த நோய் முதற்பூனைக்குத் தொற்றாமலும் இருக்கும்.

முதற்பூனையின் படுக்கை, சாப்பாட்டு நேரம், உங்கள் மடி ஆகிய மூன்றிலும் எதுவும் மாறக்கூடாது. புதிய குட்டியில் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை வரும்தான். ஆனால் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் முதலில் தூக்க வேண்டியது பழையதைத்தான்.

*

சீறுவது சண்டை இல்லை. "கிட்ட வராதே" என்ற எச்சரிக்கை அது; கேட்டு விலகினால் பிரச்சினை அதோடு முடிந்தது. சத்தமே இல்லாமல் ஒன்று குசினி வாசலில் குந்தியிருந்து மற்றதைக் கண்வெட்டாமல் பார்ப்பதுதான் கவலைக்குரியது. வழியை மறிக்கிறது. இப்படி மறிக்கப்படும் பூனை சாப்பாட்டையும் மலசலத்தையும் அடக்கும்.

*

கடுவன் ஒன்று அடிக்கடி குந்திக் குந்தி முக்குகிறது, சலம் சொட்டும் வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று நினைத்து நல்லெண்ணெய் பருக்காதீர்கள். சலக்குழாய் அடைபட்டிருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். வீட்டுக்குப் புதுப்பூனை வந்த பதற்றத்தாலும் சலப்பை அழற்சி வருவதுண்டு. ஆகவே இரண்டாவது பூனை வந்த முதல் மாதத்தில் பழையது எங்கே, எத்தனை தரம் சலம் கழிக்கிறது என்று ஒரு கண் வைத்திருங்கள்.

*

மலசலத் தட்டு எத்தனை வேண்டும்? பூனையின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டுங்கள்: இரண்டுக்கு மூன்று. வளவு உள்ள வீட்டில் இது பெரிய பிரச்சினை இல்லைத்தான், ஆனால் உங்கள் பூனைக்குப் பிடித்தது அயல்வீட்டாரின் வெங்காயப் பாத்தியாக இருக்கும். வேலிச்சண்டை வருவதற்கு முன் உங்கள் வளவின் மூலையிலேயே நிழலில் மணல் கொட்டிக் கொடுங்கள். கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் வேறொருவர் நாள்தோறும் தட்டைத் துப்புரவாக்க வேண்டும். மலத்தோடு வரும் டொக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும் என்பதால், அன்றாடம் அகற்றினால் ஆபத்துக் குறையும்.

*

எலித்தொல்லைக்கு இரண்டாவது பூனை தீர்வா? நியூயோர்க்கின் புறூக்ளினில் எலிகள் நிறைந்த மறுசுழற்சி நிலையம் ஒன்றில் 79 நாட்கள் கமராவால் பார்த்தார்கள். பூனைகள் அங்கே கொன்றது இரண்டே இரண்டு எலிகளை. ஆய்வு 2018இல் வெளிவந்தது. பூனையின் மணத்துக்கு எலி ஒளிந்துகொள்ளும், குறைந்துபோய்விடாது. வளர்ந்த பெருச்சாளியோடு மல்லுக்கட்டப் பூனைக்கும் விருப்பமில்லை. அதற்குப் பதில் அணிலும் ஓணானும் குருவியும் பிடிக்கும். நெல்லையும் கோழித்தீனையும் மூடி வைப்பதுதான் எலிக்கு மருந்து.

*

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் எத்தனையோ வீடுகளில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. பூனைக்கு அந்த நாட்களில் பாலும் சோறும்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செமிக்காது, வயிற்றாலே போகும். அதைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. தோரின் என்னும் சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்க வேண்டும். அது இல்லாமல் போனால் கண்பார்வை கெடும். இதயத் தசை பலவீனப்பட்டு வீங்கும் என்பதும் 1987இல் உறுதியானது. சில நாள் பரவாயில்லை, தொடர்ந்து கூடாது. வீட்டு விரதம் உங்களுடையது, பூனையுடையதல்ல. கடையில் விற்கும் பூனை உணவை வாங்கி வைத்தால் குசினிக்குள் மீன் வராமலே இரண்டுக்கும் சாப்பாடு கொடுக்கலாம். ஒரு பூனைக்கு மிஞ்சின மீன்தலை போதும் என்று சமாளித்த வீடு, இரண்டாவதுக்குச் சம்மதிக்குமுன் இந்தச் செலவைக் கணக்குப் பார்க்கட்டும்.

மற்ற நாட்களில் சூடையும் நெத்தலியும் தாராளமாகப் போடுங்கள், ஆனால் அவித்துப் போடுங்கள். இவ்வகை மீன்கள் பலவற்றைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால், அதிலுள்ள நொதியம் உயிர்ச்சத்து பி1 ஐ அழித்துவிடும். அவித்தால் அந்த நொதியம் செயலிழக்கும். கருவாடு உப்பு, வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் போட்ட குழம்புச் சோறும் வேண்டாம், அவை பூனையின் செங்குருதிக் கலங்களை உடைப்பவை.

*

பனடோல் ஒரு குளிசை போதும் ஒரு பூனையைக் கொல்ல. மனிதரின் ஈரல் அந்த மருந்தைக் கழிக்கும் வழி பூனையின் ஈரலில் மிகவும் பலவீனம். காய்ச்சல் என்று கால் குளிசைகூடக் கொடுக்காதீர்கள்.

*

குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டால் பூனை ஓடிவந்து வேரில் முகம் தேய்த்து, உருண்டு, புரளும். மேல்நாட்டில் இதற்கென்று தனியாக ஒரு பூண்டு விற்கிறார்கள். எங்களுக்கு வேலியோரத்தில் சும்மா முளைக்கிறது. ஆனால் இரண்டு பூனையும் பழகுமுன் நடுவில் ஒரு வேரைப் போட்டுப் பார்க்க வேண்டாம். மயக்கத்தில் சில பூனை முரடாகும்.

*

தும்மல், இழுப்பு உள்ள வீடா? ஒவ்வாமை தருவது மயிர் அல்ல. எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். கருத்தடை செய்யாத கடுவனில் அது கூடுதல்.

*

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து ஒரே இரவில் நாவற்குழிப் பக்கமாக நடந்தது. மாடும் ஆடும் அவிழ்த்துவிடப்பட்டன. நாய்கள் சில பின்னால் வந்தன. பூனைகள் வரவில்லை; ஆளைவிட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் சீவன் அது. அந்தத் தலைமுறையில் பலருக்கு, விட்டுவந்த வீட்டின் நினைவோடு விட்டுவந்த பூனையின் நினைவும் சேர்ந்தே இருக்கிறது. அன்று வேறு வழி இருக்கவில்லை.

இன்று நடப்பது வேறு. பிள்ளைகள் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்கிறார்கள், விசா வருகிறது, மூன்று கிழமையில் வீடு பூட்டப்படுகிறது. பூனை மட்டும் மதிலில் நிற்கிறது. இதற்கு நேரம் இருந்தது, திட்டம் இருக்கவில்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: போகப் போகிறோம் என்று தெரிந்திருக்கும் வீடு இரண்டாவது பூனையை எடுக்கவே கூடாது.

வீட்டுப் பூனை 12, 15 வருசம் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் டெக்சாஸில் கிரீம் பஃப் என்ற பூனை 38 வருசம் இருந்து 2005இல் இறந்தது. அறுபத்தைந்தில் ஓய்வாக இருப்பவர் குட்டி எடுக்கிறார் என்றால், எண்பது வரைக்கும் பொறுப்பெடுக்கிறார். தனக்கு ஏலாமல் போனால் யார் பார்ப்பார் என்று ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும்.

*

கூட்டிக்கொண்டு போகவும் முடியும். கனடாவுக்கு, மூன்று மாதம் கடந்த பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். பிரித்தானியாவுக்கு இலங்கையிலிருந்து போவதானால் முதலில் தோலுக்கடியில் சிப், அதன்பின் ஊசி, 30 நாட்களாவது கழித்து இரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நேரடியாக ஏற்பதில்லை. பயணச் சீட்டு எடுத்தபின் யோசிக்கத் தொடங்கினால் எதுவும் நடக்காது.

*

வயது போனவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு இரண்டாவது பூனை வேண்டுமென்றால் குட்டியைத் தேட வேண்டாம். அதே ஒழுங்கையில், வெளிநாடு போனவர்கள் விட்டுப்போன ஆறேழு வயதுப் பூனை ஒன்று இருக்கும். குணம் தெரிந்தது, கருத்தடை செய்தது, திரைச்சீலையில் ஏறாது, காலுக்குள் ஓடி விழுத்தாது. எங்களைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் மிகப் பொருத்தமான இரண்டாவது பூனை இதுதான். ஒரு விடயத்தில் மட்டும் கவனம். பழைய வீடு நாலு வளவு தள்ளி இருந்தாலும், திறந்துவிட்ட அன்றே அது அங்கேதான் போய்ப் பூட்டிய கதவடியில் இருக்கும். மூன்று நாலு கிழமை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சாப்பாடு கொடுத்து, முதற்பூனையோடு பழக்கி, பிறகு ஒரு பின்னேரம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர், பசியோடு இருக்கும்போது வெளியே விடுங்கள். கோப்பையில் தட்டிக் கூப்பிட்டால் திரும்பி வரும்.